பிரிஜிட் பெயருக்கு எழுந்து நிற்பவர்கள்

“அப்போ கணக்கெடுக்க வந்தவன் குடிச்சிருந்தான்னு சொல்றீங்களா?”

“குடிச்சிருந்தான்னு நான் சொல்லல. ஆரஞ்சுச் சங்கத்துப் புராட்டஸ்டண்ட் ஆளுன்னு சொன்னேன். கத்தோலிக்கப் புள்ளைங்க வயசு சரியா இருந்தா அவனுக்கென்ன, தப்பா இருந்தா அவனுக்கென்ன? மூணுன்னு எழுத வேண்டிய எடத்துல பதிமூணுன்னு எழுதிட்டுப் போயிட்டான்.”

“அதே ஆளு மாட்டை மட்டும் சரியா எண்ணியிருக்கானே?”

“மாட்டுக்கு மதம் கிடையாதே, பொண்ணே.”

1

இந்தக் கதை பிறந்தது அந்த மாட்டிலிருந்துதான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் கேட்டது குறும்புக்காக. ஊர் நூலகத்தின் பின்மேசையில் ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, எமெட் ஹெஃபர்னன் தன் குடும்ப வரலாற்றை எனக்கு ஏழாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடம் இந்த மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். நான் இந்த ஆட்டவா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், யாரும் சொல்லாமலே, என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவரை ஒருமுறையாவது மடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல காரணம் எதுவும் இல்லை.

[முதலில் எழுதிய தொடக்கம்: ‘1847ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர்…’ அடித்துவிட்டேன். உருளைக்கிழங்கில் தொடங்காத அயர்லாந்துக் கதை ஒன்றாவது உலகில் இருக்கட்டும்.]

[இரண்டாவது: ‘ஆட்டவா ஆற்றின் மேல்கரையில் மூடுபனி விலகியபோது…’ மூடுபனி விலகட்டும், நல்லதுதான். ஆனால் விலகிய பிறகு எனக்கு அடுத்த வரி தெரியவில்லை.]

2

எமெட்டின் குடும்ப மரம் ஒரு சுவர்க்காகிதச் சுருளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் மங்கிய ரோஜாக்கள். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஆறு தலைமுறை. விரித்தால் பன்னிரண்டு அடி.

உச்சியில் கார்னீலியஸ் மொரோனி, அவர் மனைவி ஹொனோரா. 1847இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். கப்பல் பட்டியலில் மூன்று பிள்ளைகள்: மைல்ஸ், டெனிஸ், நான்கு வயது பிரிஜிட். அந்த பிரிஜிட், நோயாளிகளைத் தடுத்துவைக்கும் தீவில் ஆகஸ்ட் மாதம் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தாள் என்று தீவின் பதிவேடு சொல்கிறது. ஆனால் நான்கு வருடம் கழித்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், மொரோனி வீட்டில் மறுபடியும் ஒரு பிரிஜிட். வயது பதிமூன்று.

எமெட்டுக்கு இது ஒரு புதிரே இல்லை. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்த ஜனங்களின் வழக்கம். எனவே முதல் பிரிஜிட் இறந்தாள், அடுத்த வருடம் இரண்டாம் பிரிஜிட் பிறந்தாள், கணக்கெடுத்தவன் மூன்றைப் பதிமூன்று ஆக்கினான். முடிந்தது. பெண் பிறந்த பதிவு எங்கே என்று கேட்டால், மாதாகோயில் எரிந்தபோது ஏடுகளும் எரிந்துவிட்டன என்பார். கோயில் எரிந்தது உண்மைதான்.

வழக்கம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார். எமெட்டுக்கு வழக்கம் நன்றாகத் தெரியும். அதனால் நிற்கவில்லை.

(அடியில் சிறு எழுத்தில் வர வேண்டியது: மகன்கள் இருவரும் கோதுமை நிலம் தேடி மேற்கே போய்விட்டார்கள். இந்த நிலத்தில் தங்கியவள் பிரிஜிட். ஹெஃபர்னன் என்பவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். ஆகவே இந்த ஊரில் மொரோனி வம்சம் என்றால், அது பிரிஜிட் பெற்ற ஹெஃபர்னன்கள்தான்.)

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் குடும்பம் கூடும். புல்வெளியில் கூடாரம், முட்டை சாண்ட்விச், ஸ்ட்ராபெர்ரி, இரண்டு பிடில்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எமெட் சுருளை விரித்துக் கிளை கிளையாகப் பெயர் படிப்பார். எந்தப் பெயரைப் படிக்கிறாரோ, அந்தப் பெயரின் வழியில் வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கைக்குழந்தையை அம்மா தூக்கிப் பிடிப்பாள். சென்ற முறை, பிரிஜிட் என்று படித்தபோது அறுபத்து மூன்று பேர் எழுந்தார்கள். நான் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

3

ஆட்டவாவில் ஒரு கன்னியர் மடத்தின் ஆவணக் காப்பகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு ஜூன் முதல் வாரம் பதில் வந்தது. அந்த வருடம் காய்ச்சலில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் பட்டியல். அதில் ஒரு வரி:

சபீனா டூஹி. வயது 8. கிளேர் மாவட்டம். தாய், தந்தை, தம்பி கப்பலில் இறப்பு. நவம்பரில் கார்னீலியஸ் மொரோனி, விவசாயி, அழைத்துச் சென்றார். ஒரு போர்வை கொடுக்கப்பட்டது. காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை.

எட்டோடு நான்கு, பன்னிரண்டு; அது முடிந்து பதிமூன்று நடப்பு. கணக்கெடுத்தவன் குடிக்கவுமில்லை, வஞ்சனை செய்யவுமில்லை.

எமெட்டை மடக்கிவிட்டேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்தின் மரப்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு துளி மகிழ்ச்சிகூட வரவில்லை.

4

முதலில் எழுத வேண்டியது ஹொனோராவை. அவளை எனக்குப் பிடிபடவில்லை. ஆகஸ்டில் மகளைத் தீவில் விட்டுவிட்டு வந்தவள். நவம்பரில் கணவன் எங்கிருந்தோ ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறான். அந்தப் பெண்ணுக்கு இறந்த மகளின் பெயரை வைக்கிறாள். இது அன்பா? உயிரோடு இருக்கும் குழந்தைக்குச் செத்த குழந்தையின் சட்டையை மாட்டிவிடுவதைப் போன்ற கொடுமையா?

முதல் வரைவில் அவளைக் கல்லாக எழுதினேன். ‘உன் பழைய பேர் இந்த வீட்டில் வேண்டாம் என்றாள் ஹொனோரா.’ எழுதி முடித்ததும் எனக்கே அவள்மேல் பாவமாக இருந்தது. நான் படித்த நாவல்களில் வரும் மாற்றாந்தாய் ஒருத்தியின் குரல் அது.

இரண்டாம் வரைவில் தெய்வமாக எழுதினேன். தேன் வழிந்தது. அதையும் அடித்தேன்.

மூன்றாம் வரைவு:

‘பொழுது சாயும் முன் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட ஹொனோரா வாசலுக்கு வந்தாள். மைல்ஸ், டெனிஸ் என்று கூப்பிட்டாள். வாய்ப் பழக்கத்தில் மூன்றாவது பெயரும் வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து மைல்ஸ் வந்தான். டெனிஸ் வந்தான். மூன்றாவது பெயருக்கும் ஒரு குழந்தை வந்து நின்றது. தயங்கித் தயங்கி, போர்வையைப் பிடித்தபடி.’

இதை அடிக்கவில்லை. உண்மையா என்று தெரியாது. ஆனால் இதில் யாரும் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. ஒருத்தி கூப்பிட்டாள், ஒருத்தி வந்தாள், அவ்வளவுதான்.

5

கடிதத்தை எமெட்டின் சமையலறை மேசையில் வைத்தேன். காலை நேரம். திராட்சை போட்ட ரொட்டியும் வெண்ணெயும் நடுவில். அவர் தங்கை கார்மலும் இருந்தார், ஓய்வுபெற்ற செவிலி. ஊசி போடும்போதும் சரி, பேசும்போதும் சரி, ‘வலிக்காது’ என்று பொய் சொல்லாதவர்.

எமெட் இரண்டு முறை படித்தார்.

“டூஹின்னா யாரு?”

“உங்க கொள்ளுப்பாட்டி,” என்றேன்.

“என் கொள்ளுப்பாட்டி பிரிஜிட் மொரோனி. எங்கப்பாவுக்குப் பதினொரு வயசாகிற வரைக்கும் உயிரோட இருந்தவ. ரொட்டி ஓரத்தைத் தின்னாம வெச்சதுக்கு எங்கப்பன் காதைத் திருகினவ.”

(ஒரு மனுஷியைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே நேரடிச் சாட்சியம் இது: காதைத் திருகினாள். இதை வைத்துக்கொண்டு கதையாசிரியர் என்ன செய்வது? இருந்தாலும் எழுதிவைக்கிறேன். பட்டியலில் இருப்பதைவிட இதில் அவள் அதிகம் இருக்கிறாள்.)

“காதைத் திருகினது சபீனா,” என்றார் கார்மல். “பேரைச் சொல்லிப் பாரு. பல்லு விழாது.”

“அவளே எழுபத்தி நாலு வருஷம் யாருகிட்டயும் சொல்லல. நான் ஏன் சொல்லணும்?”

“யாராவது கேட்டாங்களா அவகிட்ட?”

எமெட் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரோஜாக்கள் வெளியே தெரியும்படி சுருளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டார். போட்ட பிறகு மறுபடி கழற்றினார்.

“அப்போ நாம யாரு கார்மல்?”

“நேத்து யாரா இருந்தமோ அவங்கதான். டீ ஆறுது, குடி.”

“உனக்கென்ன, நீ பாட்டுக்குச் சொல்லிடுவ. ஜூலையில லீயோ வர்றான். மேற்கேருந்து நாப்பது பேரைக் கூட்டிக்கிட்டு வர்றான்.”

லீயோ மொரோனி, மேற்கே போன மைல்ஸின் வழி வந்தவர். எமெட்டின் வயதுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் கையில் பீர் குவளையோடு ஒரே நகைச்சுவையைச் சொல்வார்: ‘அசல் மொரோனி நாங்கதான். நீங்கெல்லாம் நிலத்துக்குக் காவல் வெச்ச ஆளுங்க.’ எல்லாரும் சிரிப்பார்கள். எமெட் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

“இந்தத் தடவையும் சொல்லுவான். அது நெசம்னு எனக்குத் தெரியும். நான் எப்படிச் சிரிக்கிறது?” என்றார் எமெட். “நான் நின்னு பிரிஜிட்னு படிக்கணும். அவ நாலு வயசுல செத்த புள்ள, அவளுக்கு யாரு பொறந்திருக்க முடியும்? அறுபத்தி மூணு பேரும் எந்திரிச்சு நிப்பாங்களே பொண்ணே, யாருக்காக நிக்கிறாங்க?”

நான் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“பேசாம அந்தத் தாளை உறைக்குள்ள போட்டுடு,” என்றார். நான் தாளை மடிக்கப் போனதும், “வேணாம். இங்கயே வை,” என்றார்.

6

இந்த இடத்தில் கதை பத்து நாள் நின்றது. எழுத்தாளரின் தயக்கம் என்று அழகாகச் சொல்லலாம். உண்மையில் எமெட் நூலகத்துக்கு வரவில்லை, எனக்கு அவரைப் போய்ப் பார்க்கப் பயம்.

பதினோராம் நாள் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“எங்களப் பத்தி நீ என்னமோ எழுதுறியாம். கார்மல் சொன்னா.”

தாள்களைக் காட்டினேன். எல்லாம் தமிழில்.

“கோழி கிளறின மாதிரி இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?”

அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். வடிவத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடி விரலால் எண்ணினார். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது. “கார்மலைவிட நான் ஜாஸ்தி,” என்றார்.

(அவர் பேசுவது இந்தப் பள்ளத்தாக்கின் ஆங்கிலம். தமிழில் எழுத ஆரம்பித்ததும் அவர் என் பெரியப்பாக்களைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டார். தடுத்துப் பார்த்தேன். கேட்கிற ஆளில்லை.)

“படி. இங்கிலீஷ்ல சொல்லு.”

கார்னீலியஸ் அந்தப் பெண்ணை அழைத்து வரும் பகுதியை வாசித்தேன். ‘நவம்பர் மாதத்துக் குளிரில், போர்வைக்குள் நடுங்கும் சிறுமியை முன்னால் உட்காரவைத்து, கார்னீலியஸ் மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு…’

“நிறுத்து. வண்டியா?”

“ஆமா.”

“எந்த ரோட்டுல?”

எனக்குத் தெரியவில்லை.

“படகு வந்து நிக்கிற துறையிலேருந்து எங்க மேட்டு நிலத்துக்கு இருபத்தி ரெண்டு மைலு. நவம்பர்ல இந்த ஊரு ரோடு கூழு, பொண்ணே. சறுக்குவண்டி விட பனி பத்தாது. சக்கரவண்டி விட தரை உறைஞ்சிருக்காது. தார் போடாத ரோட்டுல இன்னைக்கும் என் வண்டி அச்சு வரைக்கும் எறங்கும். முப்பத்தி நாலு வருஷம் அந்த மாசத்துல நான் திட்டாத நாள் இல்ல. மாடும் நகராது, வண்டியும் நகராது. நடந்துதான் வந்திருக்கணும்.”

“அவளுக்குக் காய்ச்சல்…”

நான் முடிக்கவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். காய்ச்சல் விடாத எட்டு வயதுக் குழந்தை இருபத்திரண்டு மைல் நடக்காது.

எமெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தூக்கிட்டு வந்திருக்கான்,” என்றார். “முதுகுல. அந்தச் சேத்துல.”

நூலகத்தின் முன்மேசைக்கு யாரோ புத்தகம் திருப்பித் தர வந்தார்கள். கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“வீட்டுல ரெண்டு பசங்க நல்லா இருக்காங்க. சொந்தப் பொண்ணு எந்தக் காய்ச்சல்ல போச்சோ, அதே காய்ச்சலை முதுகுல கட்டித் தூக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள நுழையறான். அவ வேண்டாம்னு சொல்லாம கதவைத் திறக்கிறா.” தொப்பியின் விளிம்பை விரலால் தேய்த்தார். “நான் தூக்கியிருக்க மாட்டேன், தெரியுமா? வேற எதையாவது குடுத்து அனுப்பியிருப்பேன். ரொட்டி, துணி. நல்ல வார்த்தை நாலு சொல்லியிருப்பேன். தூக்கியிருக்க மாட்டேன்.”

வண்டியை அடித்துவிட்டேன். அந்தப் பத்தி இப்போது ஒரே வரி: ‘கார்னீலியஸ் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.’ நான் எழுதியதில் எனக்குப் பிடித்த வரி அது. எழுதியது எமெட்.

7

முடிவுகள்.

ஒன்று: கூடாரத்தில் எமெட் ‘சபீனா’ என்று படிக்கிறார். யாருக்கும் புரியவில்லை. அவரும் கார்மலும் மட்டும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக… [எனக்கே கைதட்டத் தோன்றுகிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

இரண்டு: எமெட் எதையும் சொல்வதில்லை. ‘பிரிஜிட்’ என்றே படிக்கிறார். லீயோ நகைச்சுவை சொல்கிறார். எமெட் சிரிக்கிறார். [நடக்கக்கூடியதுதான். கார்மல் இருக்கும் ஊரில் நடக்காது.]

மூன்று: சபீனாவின் குரலில் ஒரு பக்கம். ‘என் பெயரை நான் மறக்கவில்லை. கூப்பிட ஒரு வாய் இருந்ததே போதுமென்று…’ [இல்லை. அவள் காதைத் திருகுவாள்.]

மூன்றையும் விட்டுவிடுகிறேன். கூட்டம் இன்னும் நடக்கவில்லை, சனிக்கிழமைதான். இன்று புதன். இன்று மதியம் நடந்ததை நடந்தபடியே கீழே எழுதுகிறேன். என் பதில் அதில் இராது. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காரலாம்.

8

கார்மல் தொலைபேசியைக் கொண்டுவந்து எமெட்டின் சமையலறை மேசையில் வைத்தார்.

“லீயோ நாளைக்கு விடியும்போது வண்டி எடுக்கிறானாம். கூடாரத்துல எல்லார் முன்னாடியும் அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லப் போறியா, இப்பவே சொல்லப் போறியா?”

“சொல்றேன். சொல்லாம என்ன,” என்றார் எமெட். ஆனால் கை மடியிலேயே இருந்தது.

“அவன் கிண்டல் பண்ணுவான்னு பயமா?”

“கிண்டலா? பண்ணட்டும். அது இல்ல கார்மல்.” அவர் என் பக்கம் திரும்பினார். “பொண்ணே, நீயாவது புரிஞ்சுக்கோ. நேத்து வரைக்கும் கார்னீலியஸ் எனக்கு முப்பாட்டன். முப்பாட்டனுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? அவன் கடமை, செஞ்சான்னு இருப்போம். இன்னைக்கு அவன் யாரோ ஒருத்தன். நமக்கு எதுவும் செஞ்சிருக்க வேண்டியதே இல்லாத ஒருத்தன். இந்த வீடு, இந்த மேடு, என் பசங்க, இவ, இவ வாயி, எல்லாம் அவன் முதுகுல வந்தது.”

“என் வாயை எதுக்கு இழுக்கிற?” என்றார் கார்மல். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு நான் நன்றி சொல்லணும். ஆளு செத்து நூத்தி இருபது வருஷம் ஆச்சு. அவன் ரத்தத்துல மிச்சம் இருக்கிறது மேற்கே போனவங்கதான், அதுல எனக்குப் பேசக் கிடைச்சவன் லீயோ. அந்தப் பயகிட்ட, அம்பது வருஷமா என்னை ‘காவல்காரன்’னு கூப்பிட்ட பயகிட்ட, ‘உங்க ஆளு எங்களைத் தூக்கிட்டு வந்தாருடா, ரொம்ப நன்றி’ன்னு சொல்லணும். சொல்லிடுவேன். மன்னிப்பு கேக்கிற மாதிரி ஆயிடக் கூடாது, அதான். எங்க ஆளுங்களுக்கு மன்னிப்பு கேக்கவும் வராது, நன்றி சொல்லவும் வராது. வானிலை பேசுவோம், மாடு பேசுவோம், வெச்சிடுவோம்.”

எண்ணைக் கார்மல் அழுத்திவிட்டார். மேற்கே எங்கோ ஒரு சமையலறையில் மணி அடிக்கத் தொடங்கியது எங்களுக்கும் கேட்டது.

எமெட் தொலைபேசியை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“நீ கதை எழுதுறவ. மொத வார்த்தைய மட்டும் நீ பேசு, பொண்ணே. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன். ஆரம்பிச்சுக் குடுக்கிறியா?”